உள்விளையாட்டு அரங்கம்: மே மாதத்தில் பூட்டாத கூடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் வட்டாரத்தில் பல்கலைக்கழக அளவில் ஒரு பெரிய உள்விளையாட்டு அரங்கம் அமைய வேண்டும் என்று வலியுறுத்தி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைத் தங்கள் நாளிதழில் படித்தேன். 2024 சனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகள் தமிழ்நாட்டில் நடந்தபோது அவை சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நான்கு நகரங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன என்றும், அந்தப் பட்டியலில் வேலூர் இடம்பெறாததற்கு இங்கே தகுதியான அரங்கம் இல்லாததே காரணம் என்றும் அவர் வருந்தியிருந்தார். ஆயிரக்கணக்கானோர் அமரும் பார்வையாளர் மாடம், 200 மீட்டர் உள்ளரங்க ஓடுதளம், முழுவதும் குளிரூட்டி என்று அவர் அடுக்கியிருந்த ஆசைகளில் எதையும் நான் குறைகூற வரவில்லை. அரங்கம் வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரே கருத்துதான். ஆனால் அந்த அரங்கம் ஆண்டின் எந்த மாதத்தில் யாருக்காகத் திறந்திருக்க வேண்டும் என்பதை அவர் தம் கடிதத்தில் எங்குமே தொடவில்லை. என் கடிதம் முழுவதும் அதைப் பற்றியதுதான்.

நான் 31 ஆண்டுகள் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வுபெற்றவன். பதவியின் பெயர் இயக்குநர் என்று மாறியதே தவிர, மாணவர்கள் வாயில் கடைசி நாள்வரை நான் ‘பி.டி. சார்’தான். அந்த 31 ஆண்டுகளில் என்னை மிகவும் தோற்கடித்த எதிரணி எதுவென்று யாராவது கேட்டால் வேலூர் வெயில் என்றுதான் சொல்வேன்.

தங்கள் நாளிதழே ஆண்டுதோறும் மார்ச் கடைசியில் ‘வேலூரில் வெயில் சதமடித்தது’ என்று தலைப்பிடத் தொடங்கிவிடுகிறது. மே 4ஆம் தேதியை ஒட்டிப் பிறக்கும் அக்னி நட்சத்திரம் அந்த மாதக் கடைசியில் விடைபெற்றாலும், எங்கள் ஊரில் அனல் சூன் பாதிவரை தங்கிவிட்டுத்தான் போகிறது. ஊரைச் சுற்றி நிற்பவை மரம் அடர்ந்த மலைகளாக இருந்தால் கதை வேறு. இங்கே இருப்பவை பெரும்பாலும் மொட்டைப் பாறைகள். பகலெல்லாம் காய்ந்த பாறை இரவு வெகுநேரம்வரை அந்தச் சூட்டை ஊர்மேல் இறக்கிக்கொண்டே இருக்கும். மாலை ஆறு மணிக்குத் திறந்தவெளி மைதானத்தில் நின்றால் தரையிலிருந்து கிளம்பும் வெக்கை செருப்பைத் தாண்டிக் காலில் ஏறுவதை இந்த ஊரில் விளையாடிய எவரும் அறிவர். அத்தகைய வெயிலில் ஒரு மாணவியை 400 மீட்டர் ஓட்டத்தை ஆறு முறை திரும்பத் திரும்ப ஓடச் சொல்வது பயிற்சியாகாது. அவளை மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு அது. உடல் வெப்பத்துக்குப் பழகிக்கொள்ளப் பத்துப் பன்னிரண்டு நாள்கள் ஆகும் என்பதும், பழகிய உடலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதும் உடற்கல்வி படித்தவர்களுக்கு முதலாண்டிலேயே சொல்லித் தரப்படும் பாடம்.

இங்கேதான் நாள்காட்டி குறுக்கே வருகிறது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் கல்வியாண்டின் முதல் பாதியில் நடக்கும். அதில் தேறியவர்கள் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் தென்மண்டல, அகில இந்தியப் போட்டிகளுக்குக் குளிர்காலத்தை ஒட்டிப் புறப்படுவார்கள். அப்படியானால் உடலுக்கு அடித்தளம் போட வேண்டிய மாதங்கள் ஏப்ரல், மே, சூன் ஆகியவைதான். போட்டி எதுவும் இல்லாத அந்த மூன்று மாதங்களில்தான் எடை தூக்கி வலிமை சேர்க்கலாம். தவறான ஓட்ட முறையைப் பொறுமையாகத் திருத்தலாம். பழைய காயத்தை ஆற்றிக்கொள்ளலாம். ஆனால் எங்கள் மாணவர்கள் ஏப்ரலில் தேர்வெழுதிவிட்டு ஊருக்குப் போவார்கள். வெயிலுக்குப் பயந்து வீட்டில் இருப்பார்கள், அல்லது ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக்கோ காலணித் தொழிற்சாலைக்கோ இரண்டு மாத வேலைக்குப் போவார்கள். பயிற்சியை நிறுத்திய இரண்டு மூன்று வாரங்களிலேயே மூச்சுத்திறன் இறங்கத் தொடங்கிவிடும். தசை வலிமை இன்னும் சில வாரம் தாங்கும். பிறகு அதுவும் கரையும். கல்லூரி திறந்ததும் அவர்களை நான் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவேன். மாலையில் இடிமழை பிடிக்கும், மைதானம் சேறாகும், செப்டம்பருக்குள் அணித் தேர்வு வந்துவிடும். மற்ற மண்டலங்களிலிருந்து வரும் அணிகளில் கோடை முழுவதும் கூரையின் கீழ் உழைத்துவிட்டு வந்தவர்களின் எதிரில் எங்கள் பிள்ளைகள் நின்றால் முடிவு எப்படியிருக்கும் என்பதை விசில் ஊதுவதற்கு முன்பே சொல்லிவிடலாம்.

இந்தக் காரணத்தால்தான் வேலூரில் ஓர் உள்விளையாட்டு அரங்கம் என்றால் அதன் முதல் வேலை ஏப்ரல் நடுவிலிருந்து சூன் நடுவரை இயங்குவது என்று சொல்கிறேன். நடைமுறையில் நான் கண்டதோ நேர்மாறானது. நம் மாவட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கு, பெயர் வேண்டாம், ஒருமுறை மே மாதத்தில் என் கைப்பந்து அணியைப் பத்து நாள் பயிற்சிக்காக அழைத்துச் சென்றேன். முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதியும் வாங்கியிருந்தேன். போய்ப் பார்த்தால் கூடம் முழுக்க வரிசை வரிசையாக மேசைகள். விடைத்தாள் திருத்தும் பணி நடந்துகொண்டிருந்தது. வலை கட்டும் கம்பத்தில் யாரோ ஒரு பேராசிரியரின் குடை தொங்கியது. அலுவலகத்தில் விசாரித்தேன். “கோடை விடுமுறையில் யார் சார் விளையாட வருவாங்க?” என்று அங்கிருந்த ஊழியர் உண்மையான வியப்போடு என்னைக் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கூடம் கட்டப்பட்ட நாளிலிருந்து எந்தக் கோடையிலும் யாரும் அதில் விளையாடி அவர் பார்த்ததில்லை. நாங்கள் பத்து நாளும் வேப்பமரத்தடியில் உடற்பயிற்சி செய்துவிட்டு, காலை எட்டு மணிக்குள் பந்தை மூட்டை கட்டிக்கொண்டு திரும்பினோம்.

விடைத்தாள் ஒரு பக்கம் என்றால் தேர்தல் இன்னொரு பக்கம். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு நடந்தது. சூன் 4 அன்றுதான் எண்ணிக்கை. இடைப்பட்ட 46 நாள்களும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் மாநிலம் முழுவதும் கல்லூரிக் கட்டடங்களில் காவலோடு வைக்கப்பட்டிருந்தன. சனநாயகத்துக்கு அந்தக் கட்டடங்கள் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. எனக்கும் வாக்கு இருக்கிறது; தவறாமல் போட்டும் இருக்கிறேன். ஆனால் அகலமான கூடம், ஒரே வாயில், உயரத்தில் சன்னல் என்று உள்விளையாட்டு அரங்கத்துக்கு இருக்கும் இலக்கணமெல்லாம் பாதுகாப்பு அறைக்கும் பொருந்திவிடுவதால், பட்டியல் தயாரிப்பவரின் கண்ணில் முதலில் படுவது அதுதான். புதிதாகக் கட்டப்படும் அரங்கத்தைத் தேர்வு, மதிப்பீடு, பட்டமளிப்பு, தேர்தல், வேலைவாய்ப்பு முகாம் ஆகிய எதற்கும் வழங்குவதில்லை என்று ஆட்சிமன்றக் குழு தொடக்கத்திலேயே தீர்மானம் போட்டு வைத்தால் ஒழிய, இந்த நிலை மாறாது. பட்டமளிப்புக்குத் தனியே ஒரு பேரரங்கம் கட்டிக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே கூரைக்குள் முடித்துவிடலாம் என்று எந்தக் கணக்கு அதிகாரி சொன்னாலும் அவரை நம்ப வேண்டாம். அப்படிக் கட்டிய இடங்களில் முதலில் வெளியேற்றப்படுவது பந்துதான்.

கோடையில் கூடத்தைத் திறந்தால் மாணவர்கள் எங்கே தங்குவார்கள், என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்கலாம். அதற்கு விடை அதே வளாகத்திலேயே இருக்கிறது. மே மாதத்தில் விடுதிகள் காலியாகவே கிடக்கின்றன. பழைய வடஆர்க்காடு மாவட்டம் 1989இல் பிரிந்தது. எஞ்சிய வேலூரும் 2019இல் மூன்றாகப் பிரிந்தது. ஆக இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டங்கள். நிர்வாகம் பிரிந்தாலும் காட்பாடி சந்திப்பும் வேலூர்ப் பேருந்து நிலையமும் இன்னும் இந்த நான்குக்கும் பொதுவாகத்தான் இருக்கின்றன. திருப்பத்தூரிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ 80 கிலோமீட்டருக்கு மேல் தினமும் வந்துபோய் ஒரு மாணவனால் பயிற்சி செய்ய முடியாது. சவ்வாது மலையிலிருந்து வரும் பிள்ளைகளின் நுரையீரலும் கெண்டைக்காலும் எப்படிப்பட்டவை என்பது போட்டிக்கு அழைத்துச் சென்ற எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். மலையிறங்கி இரண்டு பேருந்து மாறி வர வேண்டிய அவர்களுக்கு ஆறு வாரம் தங்குமிடமும் மூன்று வேளை உணவும் கிடைத்தால் போதும். காலியான விடுதி, ஓய்வில் இருக்கும் சமையற்கூடம், பூட்டிய அரங்கம் என்று மூன்றும் ஒரே வளாகத்தில் ஒரே மாதத்தில் சும்மா இருப்பதைப் போன்ற வீண்செலவு வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

தண்ணீர் இல்லை என்பார்கள். நியாயமான மறுப்புதான், கோடையில் விடுதியை மூடுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஆனால் அரங்கத்தின் கூரையே ஒரு நீர்ப்பிடிப்புப் பரப்பு என்பதை மறந்துவிடுகிறோம். 2,000 சதுர மீட்டர் கூரையில், எங்கள் பகுதியின் ஆண்டு மழையை 900 மில்லிமீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், விழும் நீர் 18 லட்சம் லிட்டர். ஆவியாவது, வழிந்தோடுவது போக, அதில் பாதியைத் தரையடித் தொட்டியில் சேமித்தாலும் ஐம்பது பேர் ஆறு வாரம் தங்குவதற்கு மிஞ்சும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். பெரும்பாலான இடங்களில் அந்தக் கட்டாயம் ஒரு குழாயோடும் ஒரு குழியோடும் முடிந்துவிடுவதுதான் வழக்கம்.

கட்டட அமைப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். மே மாதத்துக்காகக் கட்டப்படும் அரங்கம் வேறு. திறப்பு விழாவுக்காகக் கட்டப்படும் அரங்கம் வேறு. இப்போது எழும்பும் பல கூடங்கள் இரும்புச் சட்டத்தின்மேல் வெறும் தகடு போட்டவை. அடியில் வெப்பத்தடுப்புப் பொருள் இல்லாத தகடு பகல் முழுவதும் அடுப்பின்மேல் வைத்த தோசைக்கல்லைப் போல் காய்ந்து, கீழே நிற்பவன் தலையில் சூட்டை இறக்கும். மின்விசிறி போடலாமே என்றால் இறகுப்பந்து ஆடுபவர்கள் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். இறகுப்பந்தின் எடை 5 கிராமைச் சற்றே ஒட்டியிருக்கும்; மெல்லிய காற்றோட்டம்கூட அதன் போக்கை மாற்றிவிடும். அதனால் எல்லா விசிறிகளையும் நிறுத்திவிட்டு, எல்லாச் சன்னல்களையும் சாத்திவிட்டு ஆடுகிறார்கள். வியர்வை ஆவியாக வழியில்லாமல் தரையில் சொட்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பையன் துண்டோடு ஓடிவந்து துடைப்பான். துடைக்காத இடத்தில் கால் வழுக்கியவர்களின் முழங்கால் கதைகளை எழுதத் தொடங்கினால் தங்கள் நாளிதழின் ஒரு பக்கம் போதாது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கூரையின் உச்சியில் வெப்பக் காற்று தானாக வெளியேறும் திறப்புகளையும், சுவரின் அடிப்பகுதியில் ஆட்டக்களத்தின்மேல் நேரே வீசாதபடி காற்று நுழையும் சாளரங்களையும் வைத்தால், சூடு மேலே போய் வெளியேறும். கீழே காற்று ஓசையின்றி மாறிக்கொண்டே இருக்கும். நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்க, குறுகிய சுவர்கள் கிழக்கும் மேற்கும் பார்க்க அமைத்து, மேற்குச் சுவரில் சன்னலே வைக்காமல் விட்டால், மாலை ஐந்து மணி வெயில் ஆடுபவன் கண்ணைக் குத்தாது. நம் முன்னோர் வீட்டுக்குத் திண்ணையும் தாழ்வாரமும் வைத்தது இந்த அறிவினால்தான். இறகுப்பந்துக்கெனத் தனிக்கூடம் ஒன்றும், கூடைப்பந்து, கைப்பந்து, கபடி ஆகியவற்றுக்கு விசிறி சுழலும் பெருங்கூடம் ஒன்றும் என்று பிரித்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். கூடைப்பந்துக் களம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்டது. அதற்குள்ளேயே 18 மீட்டருக்கு 9 மீட்டர் கைப்பந்துக் களத்தையும், ஆண்களுக்கான 13 மீட்டருக்கு 10 மீட்டர் கபடி விரிப்பையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். கூரை உயரம் மட்டும் கைப்பந்து விதி கேட்கும் 7 மீட்டருக்குக் குறையவே கூடாது. இறகுப்பந்துக்கு 9 மீட்டர் இருந்தால் நலம். சர்வதேசப் போட்டிக்குத்தான் 12 மீட்டர் கேட்கிறார்கள். அந்த நாள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டாம் என்பதையும் ஒப்பந்ததாரரிடம் யாராவது சொல்லி வைக்க வேண்டும். வெள்ளைச் சுவரின் முன்னே வெள்ளை இறகு கண்ணுக்குத் தெரியாது. அதே காரணத்தால் விளக்குகளும் களத்துக்கு நேர்மேலே தொங்காமல் இரு பக்கங்களிலும் இருக்க வேண்டும்.

தரை என்பது காசு தெரியாமல் கரையும் இடம். நல்ல அரங்கங்களில் மேப்பிள் மரப்பலகையை நேராகச் சிமெண்டின்மேல் ஒட்டுவதில்லை. ரப்பர் தாங்கிகளின்மேல் மரச்சட்டம், அதன்மேல் பலகை என்று அடுக்கி, குதித்து இறங்குபவனின் அதிர்ச்சியைத் தரை வாங்கிக்கொள்ளும்படி செய்கிறார்கள். செலவு மிச்சம் என்று சிமெண்டின்மேல் மெல்லிய வினைல் விரிப்பை ஒட்டியிருக்கும் கூடத்தில் ஒரு பருவம் பயிற்சி செய்த கைப்பந்து அணியைக் கேளுங்கள். ஆறு பேரில் மூன்று பேருக்காவது கணுக்காலின் மேலே முன்னெலும்பில் வலி இருக்கும். மரத்தரைக்கு ஈரமும் ஆகாது, கறையானும் ஆகாது, இரும்பு நாற்காலியும் ஆகாது. பட்டமளிப்பு விழாவுக்கு அரங்கத்தைக் கொடுக்காதீர்கள் என்று மேலே கெஞ்சியதற்கு அதுவும் ஒரு காரணம்.

200 மீட்டர் உள்ளரங்க ஓடுதளம் வேண்டும் என்ற வாசகரின் கருத்தோடு மட்டும் நான் முழுமையாக மாறுபடுகிறேன். வளைவுகளில் சாய்வு வைத்துக் கட்டப்படும் அத்தகைய தளம் ஏறத்தாழ 90 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் கேட்கும். தூண் இல்லாமல் அவ்வளவு பெரிய கூரை போடும் செலவில் மூன்று நல்ல பயிற்சிக்கூடங்கள் கட்டிவிடலாம். ஒடிசாவில் புவனேசுவரத்தின் கலிங்கா விளையாட்டு வளாகத்தில் அப்படியொன்றை மாநில அரசே முன்னின்று கட்டியிருக்கிறது. அது தேசிய அளவிலான தேவை. எங்களுக்குத் தேவை ஒரு நீண்ட தாழ்வாரம். உலக உள்ளரங்கத் தடகளத்தில் குறுவிரைவு ஓட்டம் 60 மீட்டர்தான். புறப்படும் இடத்துக்குப் பின்னே சில மீட்டர், முடிந்தபின் வேகம் குறைக்கப் பதினைந்து இருபது மீட்டர் என்று சேர்த்தால் 85 மீட்டர் நீளத் தாழ்வாரம் போதும். ஓர் ஓடுபாதையின் அகலம் 1.22 மீட்டர், நான்கு பாதைக்கு ஏறத்தாழ 5 மீட்டர். அதன் ஒரு முனையில் மணற்குழி வைத்தால் நீளந்தாண்டுதலும் மும்முறைத் தாண்டுதலும் அங்கேயே பழகலாம். அரங்கத்தின் வடக்குச் சுவரை ஒட்டி, பக்கவாட்டில் பாதி திறந்த சரிவுக்கூரையாக அதைப் போட்டுவிடலாம். பாலாற்று மணலில் ஓடிப் பழகிய பிள்ளைகளுக்குக் கால்வலிமை ஏற்கெனவே உண்டு. புறப்பாட்டுக் கட்டையில் கால் வைத்து முதல் பத்து மீட்டரைச் சீராக எடுக்கும் நுட்பம்தான் அவர்களிடம் இல்லை. அதை ஆற்றுமணலில் கற்க முடியாது.

பளுதூக்கும் அறையைப் பற்றிச் சொல்லாமல் வேலூர்க்காரன் யாரும் விளையாட்டுக் கடிதத்தை முடிக்க மாட்டான். சத்துவாச்சாரியிலிருந்து புறப்பட்ட சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில், ஒரே வீச்சில் தலைக்குமேல் தூக்கும் ஸ்னாட்ச் முறையில் 149, முதலில் தோளுக்கும் பிறகு தலைக்குமேலும் தூக்கும் கிளீன் அண்டு ஜெர்க் முறையில் 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். நான்கு ஆண்டு கழித்து 2018இல் கோல்டு கோஸ்டில் 144, 173 என மொத்தம் 317 கிலோ தூக்கி அதே தங்கத்தை மறுபடியும் கொண்டுவந்தார். அவரை வளர்த்த மண்ணில் பார்வையாளர் மாடமும் இல்லை, குளிரூட்டியும் இல்லை. பளுதூக்குதலுக்கு வேண்டியது 4 மீட்டருக்கு 4 மீட்டர் மேடை, ஆண்களுக்கு 20 கிலோவும் பெண்களுக்கு 15 கிலோவும் எடையுள்ள கம்பி, கீழே போட்டால் உடையாத ரப்பர் தட்டுகள், இவற்றோடு பக்கத்திலேயே நின்று ‘முதுகை நிமிர்த்து’ என்று அதட்ட ஓர் அண்ணன். இந்த அதட்டல் பரம்பரை எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு.

பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடங்களிலோ வேறு காட்சி. சுவர் முழுக்கக் கண்ணாடி, நின்ற இடத்தில் ஓடும் எந்திரங்கள், உட்கார்ந்து இழுக்கும் எந்திரங்கள். உடம்பு குறைக்க வரும் அலுவலருக்கு அவை பயன்படும். ஈட்டி எறிபவனுக்கும் உயரம் தாண்டுபவளுக்கும் பயன்படா. அவர்களுக்கு வேண்டியது தோளில் கம்பியைத் தாங்கி உட்கார்ந்து எழும் சட்டங்களும், தரையிலிருந்து எடை எடுக்கும் மேடைகளும்தான். ஓர் எந்திரத்தின் விலையில் ஒரு மேடைக்கான கம்பியும் தட்டும் வாங்கிவிட்டு மிச்சமும் வைக்கலாம். இந்த அறை தரைத்தளத்தில்தான் இருக்க வேண்டும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் தளத்தில் பளுதூக்கும் அறையும் அதன் நேர்கீழே நூலகமும் அமைந்த ஒரு கல்லூரியை நான் பார்த்திருக்கிறேன். அங்கே 100 கிலோவுக்குமேல் தூக்குவதற்கு நூலகரின் அனுமதி தேவைப்பட்டது.

காயம் பட்டவர்களைப் பற்றியும் ஒரு சொல். பயிற்சி மையம் என்றால் பனிக்கட்டி, கட்டுப்பட்டை, இரண்டு படுக்கை, ஓர் இயன்முறை மருத்துவர் என்ற நான்கும் அடங்கிய சிறிய அறை இல்லாமல் அது முழுமையாகாது. இந்தியாவில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு வழிகாட்டிய ஊர் இது. தாமே முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருந்தபடி மருத்துவம் பார்த்த டாக்டர் மேரி வர்கீசின் முயற்சியால் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மையம் 1966இல் பாகாயத்தில் தொடங்கப்பட்டது. அப்படிப்பட்ட ஊரில் கட்டப்படும் அரங்கத்தின் வாசலில் பதினைந்து படிகளை மட்டும் வைத்துவிட்டு, சாய்தளத்தைப் பின்பக்கக் குப்பைத்தொட்டிக்கு அருகே வைப்பார்களானால் அதைவிட வெட்கக்கேடு இல்லை. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசனும் திருவள்ளூர் மாவட்டத்து மனிஷா ராமதாசும் இறகுப்பந்தில் முறையே வெள்ளியும் வெண்கலமும் வென்றார்கள். இரண்டும் எங்கள் பக்கத்து மாவட்டங்கள்.

இனிச் சாவி. கோடைக்கு அடுத்தபடியாக ஒவ்வொரு நாளும் மாலையில் இந்தச் சிக்கல் திரும்ப வருகிறது. வகுப்பு முடிந்து மாணவர்கள் களத்துக்கு வர மணி நாலரை ஆகும். ஆறு மணிக்குக் காவலாளி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டால், உடலைச் சூடேற்றுவதற்கும் தணிப்பதற்கும் போக மிஞ்சுவது முக்கால் மணி நேரம். காலையில் ஐந்தரை முதல் எட்டரை வரையும், மாலையில் நாலரை முதல் எட்டரை வரையும் கூடம் திறந்திருக்க வேண்டும். பெண்கள் வீடு திரும்பும் நகரப் பேருந்துகளின் நேரத்தைப் பார்த்து, மாலையின் முதல் பகுதியை அவர்களுக்கு ஒதுக்க வேண்டும். கடைசி நேரத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, ‘பெண்கள் யாரும் வருவதில்லை’ என்று ஆண்டறிக்கையில் எழுதுவது பழைய தந்திரம். இணைவுக் கல்லூரிகளில் படிக்கும் ஒவ்வொரு மாணவரிடமும் சேர்க்கையின்போதே விளையாட்டுக் கட்டணம் வாங்கப்படுகிறது. ஆகையால் குடியாத்தத்திலும் அரக்கோணத்திலும் படிக்கும் மாணவர் தம் அடையாள அட்டையைக் காட்டி வளாக மாணவரைப் போலவே உள்ளே நுழையும் உரிமை உடையவர். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடைக்காலைகளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், நான்கு ஆண்டு கழித்துப் பல்கலைக்கழக அணிக்கு ஆள் தேடி அலைய வேண்டியிருக்காது. மின்கட்டணம் உயரும் என்பது உண்மை. எத்தனை யூனிட் ஏறும் என்று கணக்கிட்டுச் சொல்லும் பொறியாளர்களைப் பயிற்றுவிக்கும் ஊர் இது. தகட்டுக் கூரையின்மேல் சூரியத் தகடு பதிப்பதற்கு வேலூரைவிடப் பொருத்தமான வெயில் எங்கே கிடைக்கும்?

புதிய அரங்கம் எழும்பும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. நான்கு மாவட்டங்களிலும் பல்கலைக்கழக வளாகங்களிலும் கல்லூரிகளிலும் இன்று இருக்கும் கூடங்களில் ஏதேனும் ஒன்றை, வருகிற மே முதல் தேதியிலிருந்து சூன் 15 வரை, ஒரே ஒரு கோடைக்குச் சோதனையாகத் திறந்து வைக்க எந்த நிர்வாகமாவது முன்வரட்டும். அதே துறையில் இருந்து ஓய்வுபெற்ற நண்பர்கள் மூவரும் நானும் ஊதியம் எதுவும் பெறாமல் முறைவைத்துக் காலையிலும் மாலையிலும் வந்து, கூடத்தைத் திறந்து, வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதி, தரையைத் துடைக்க வைத்து, விளக்கை அணைத்து, சாவியைக் காவலாளியிடம் ஒப்படைத்துவிட்டுப் போகத் தயாராக இருக்கிறோம். சூன் 16ஆம் தேதி அந்தப் பதிவேட்டை நிர்வாகத்திடம் கொடுத்துவிடுகிறோம். எத்தனை பேர் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த நேரத்தில் வந்தார்கள் என்பது அதில் இருக்கும். பார்வையாளர் மாடத்தில் எத்தனை நாற்காலி போடலாம் என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.